கழிவுக்கும் பேரேட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: கோயம்பேடு காய்கறி மொத்த வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கோயம்பேடு வளாகத்தில் காய்கறி மண்டி நடத்தும் முதலாளிமார்களுக்கும் அவர்களுடைய சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். காய்கறி மண்டி ஒன்றில் பல வருடம் கணக்கு எழுதியவன் நான். இப்போது புறநகரில் சிறியதாக ஒரு காய்கறிக் கடை வைத்திருக்கிறேன். விடிவதற்கு முன்னால் உங்கள் கடை வாசலில் நின்று, பெட்டியைக் கிளறிப் பார்த்து, "அண்ணாச்சி, அடியில எப்படி?" என்று கேட்கும் கூட்டத்தில் நானும் உண்டு. கல்லாவுக்கு இரண்டு பக்கமும் நின்றவன் என்பதைத் தவிர இதை எழுத எனக்கு வேறு தகுதி இல்லை.

சொல்ல வந்தது இதுதான். மண்டியில் எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. எத்தனை லோடு வந்தது, எத்தனை பெட்டி, இறக்குக்கூலி எவ்வளவு, வண்டி வாடகை எவ்வளவு, கமிஷன் எவ்வளவு, யாரிடம் எவ்வளவு பாக்கி நிற்கிறது, எல்லாம் பேரேட்டில் ஏறுகிறது. ராத்திரி எவ்வளவு சரக்கு நசுங்கியது, எவ்வளவு அழுகிக் குப்பை வண்டிக்குப் போனது, முதல் ரகமாக வந்த எத்தனை பெட்டி மூன்றாம் ரகமாக விலை போனது என்பதற்கு மட்டும் ஒரு பக்கம் கிடையாது. வேலை வேகமாக நடக்கிறதா என்று கேட்டால் எல்லோரிடமும் பதில் இருக்கிறது. சரக்கு ஏன் இப்படி என்று கேட்டால், "இன்னைக்கு வரத்தே அப்படித்தாம்பா" என்று பழியை வரத்தின் மேல் போட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

அந்தப் பக்கம் காலியாக இருப்பதற்குச் சோம்பல் காரணமில்லை. காசு போகிற வழியைப் பார்த்தால் புரியும். கமிஷன் மண்டியில் உங்கள் வருமானம் விற்ற தொகையில் ஒரு பங்கு. பத்துப் பெட்டி நசுங்கினால் நஷ்டத்தில் பெரும்பகுதி விவசாயிக்குப் போகிற கணக்குச் சீட்டான சிட்டையில் "கழிவு" என்று ஒரே வரியில் கழிந்துவிடும். உங்கள் பங்கில் குறைவது சொற்பம். லாரிக்காரருக்கு நடைக்கு இவ்வளவு என்று வாடகை. இறக்குகிறவருக்கு மூட்டைக்கு இவ்வளவு, பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி. மிச்சக் கழிவு என் கடைக்கு வந்து, மறுநாள் காலையில் தக்காளிக் கூடையின் அடியில் தண்ணீராக நிற்கும். ஆக, ஒரு கோடியில் விளைவித்தவரும் மறுகோடியில் கிலோக் கணக்கில் விற்கிறவனும் நஷ்டத்தைச் சுமக்கிறோம். நடுவில் சரக்கைத் தொடுகிற யாருடைய பையிலும் அது கை வைப்பதில்லை.

சொந்தப் பணம் போட்டுக் கொள்முதல் செய்து விற்கிற சில கடைகளைப் பாருங்கள். அங்கே லோடு இறங்கும்போது முதலாளியோ அவர் மகனோ பக்கத்திலேயே நிற்பார். அதே ஆட்கள், அதே கூலி. ஆனால் பெட்டியைத் தரையில் வைப்பார்கள், போடமாட்டார்கள்.

லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைக்குப் பிந்தைய பொறியியல் தொழில்நுட்ப நிறுவனம் 2015இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில், அறுவடையில் தொடங்கிக் கடைசி விற்பனை வரை தக்காளியில் 12.44 சதவீதமும் கொய்யாவில் 15.88 சதவீதமும் வீணாவதாகக் கணக்கிட்டார்கள். இது வயல், வண்டி, மண்டி, சில்லறைக் கடை எல்லாம் சேர்த்து. இதில் நம் மண்டியின் பங்கு எவ்வளவு என்று நம் கணக்கைப் புரட்டிச் சொல்ல முடியாது. அந்தப் பக்கம்தான் இல்லையே. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: 25 கிலோ பெட்டி 400 ஏற்றி வந்த லாரியில், மண்டிக்குள் மட்டும் நூற்றுக்கு இரண்டு வீணானால் 200 கிலோ. கிலோ 30 ரூபாய் விற்கிற நாளில் 6,000 ரூபாய். பெட்டிக்கு ஒரு ரூபாய் கூலி கூட்டிக் கேட்டால், அந்த 400 ரூபாய்க்காக ஊரே கூடுகிற மாதிரி வாக்குவாதம் நடக்கிற இடத்தில், 6,000 ரூபாய் சத்தமில்லாமல் குப்பை வண்டி ஏறிப் போகிறது.

உற்பத்தித்திறன் என்றால் ஆட்களை விரட்டுவது என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. நேரம் உண்மையில் எங்கே போகிறது என்று பாருங்கள். மதனப்பள்ளி, கோலார், ராயக்கோட்டைப் பக்கத்துத் தக்காளி ஒரே ராத்திரியில் வந்துவிடும். நாசிக் வெங்காயம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி வருகிறது. வழியெல்லாம் விரட்டிக்கொண்டு வந்த டிரைவர், வளாகத்துக்குள் நுழைந்ததும் இன்ஜினை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார். முன்னால் நிற்கிற வண்டி நகரவில்லை. அதற்கு முன்னால் ஒரு காலி வண்டி, வெளியே போக வழியில்லாமல் குறுக்கே நிற்கிறது. ஜார்ஜ் டவுனில் இருந்த பழைய கொத்தவால்சாவடிச் சந்தையின் நெரிசல் தாங்காமல்தான் 1996இல் இந்த 295 ஏக்கர் வளாகத்துக்கு வந்தோம். இடம் பெரிதானது, எல்லோரும் ஒரே மூன்று மணி நேரத்தில் வந்து குவிகிற பழக்கம் மட்டும் ஜார்ஜ் டவுனிலிருந்து நம் கூடவே வந்துவிட்டது.

தார்ப்பாய்க்குக் கீழே அந்த நேரத்தில் நடப்பதை யாரும் பார்ப்பதில்லை. பறித்த பிறகும் காய் மூச்சு விடுகிறது. மூச்சில் வெப்பம் வருகிறது. அடுக்கின் நடுவில் அந்த வெப்பம் போக வழியில்லாமல் தங்குகிறது. சூடு 10 டிகிரி கூடினால் காய் முதிர்ந்து கெடும் வேகம் இரண்டு, மூன்று மடங்காகும் என்பது அறுவடைத் தொழில்நுட்பம் படித்தவர்களின் பாலபாடம். வைகாசி வெயிலில் இரண்டு மணி நேரம் நின்ற லாரியும் வந்ததும் இறங்கிய லாரியும் உங்கள் பேரேட்டில் ஒரே மாதிரிதான் பதிவாகின்றன. என் கடையில் அவை ஒரே மாதிரி இருப்பதில்லை.

பிறகுதான் அவசரம். நின்றுபோன நேரத்தை ஈடுகட்ட, "இறக்கு, இறக்கு" என்று சத்தம். மூன்று மணி நேரச் சும்மா இருத்தலுக்கு அபராதத்தை அரை மணி நேர இறக்குதலில் வசூலிக்கிறோம். தக்காளியில் பட்ட அடி உடனே தெரியாது. ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து உள்ளே சதை கலங்கி, தோல் நீர்கோத்துக் காட்டும். அதற்குள் அது உங்கள் வாசலைத் தாண்டியிருக்கும். அதனால்தான் உங்கள் கடையில் எப்போதும் சரக்கு நன்றாகவே இருக்கிறது.

நேரம் பிரிப்பது நடக்காத காரியம் என்று சொல்லாதீர்கள். 2020 மே மாதம் கொரோனா தொற்றால் வளாகம் மூடி, வியாபாரம் திருமழிசையில் போட்ட தற்காலிகச் சந்தைக்குப் போனது. அங்கே மழையில் சேற்றில் நின்று மூட்டை மூட்டையாகக் காய் போனதை உங்களில் யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். செப்டம்பர் கடைசியில் இங்கே திரும்பத் திறந்தபோது, சரக்கு வண்டிக்கு ஒரு நேரம், வாங்க வருகிறவர்களுக்கு ஒரு நேரம் என்று பிரித்தார்கள். முணுமுணுத்துக்கொண்டேதான் கடைப்பிடித்தோம். ஆனாலும் கடைப்பிடித்தோம். அரசாங்கம் தடியோடு நின்றால் முடிகிற ஒன்றை நம் சங்கம் ஒரு டோக்கன் புத்தகத்தோடு செய்ய முடியாதா? எல்லா வரிசைக்கும் வேண்டாம். சீக்கிரம் கெடுகிற தக்காளி, கீரை, கொத்தமல்லி, புதினா ஏற்றிய வண்டிகளுக்கு மட்டும் முதல் வழி விடுங்கள். உருளைக்கிழங்கும் பல்லாரியும் ஒரு மணி நேரம் காத்திருந்தால் ஒன்றும் குடி முழுகிப் போகாது.

பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நாம் பாதி வேலை செய்துவிட்டு முழு வேலை செய்ததாக நினைத்துக்கொண்டிருப்பது இதில்தான். சாக்கிலிருந்தும் மரப்பெட்டியிலிருந்தும் பிளாஸ்டிக் பெட்டிக்குத் தக்காளி மாறியது பெரிய நன்மை. ஆனால் பெட்டியை எப்படி நிரப்புகிறோம்? விளிம்போடு தலைதட்டி நிறுத்தாமல் கோபுரம் கட்டுகிறோம். பிளாஸ்டிக் பெட்டியின் சூட்சுமமே, மேல் பெட்டியின் பாரம் கீழ்ப் பெட்டியின் சுவரில் இறங்க வேண்டும், காயின் மேல் இறங்கக் கூடாது என்பதுதான். கோபுரமாக நிரப்பினால் மேல் பெட்டி தக்காளியின் தலையில் உட்காருகிறது. அப்புறம் சாக்குக்கும் பெட்டிக்கும் என்ன வித்தியாசம்? ஏழு அடுக்கு ஏற்றி, குண்டும் குழியுமான சாலையில் ராத்திரி முழுக்க ஆட்டிக் கொண்டுவந்தால், ஒவ்வொரு பெட்டியிலும் மேல் வரிசை போச்சு. பெட்டிக்கு ஒன்றிரண்டு கிலோ கூடுதலாக ஏற்றி வாடகையை மிச்சம் பிடித்தோம் என்று நினைப்போம். அந்த ஒன்றிரண்டு கிலோதான் நசுங்கி, கீழே இருப்பதையும் நனைக்கிறது.

பெட்டி கழுவுவது இன்னொன்று. காலிப் பெட்டி திரும்பிப் போகும்போது அதன் மூலைகளில் போன லோடின் அழுகல் ஒட்டியிருக்கும். பூஞ்சைக்கு அதைவிட நல்ல வண்டி கிடையாது. வயல் வரை இலவசமாகப் போய், புதுக்காயோடு திரும்பி வரும். தண்ணீர்க் குழாய், பிரஷ், கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் கரைசல், வளாகத்தின் ஒரு மூலையில் நாலு பேர். ஒரு கடை தனியாகச் செய்தால் கட்டுப்படியாகாது. வரிசைக்கு ஒன்று என்று சேர்ந்து செய்தால் பெட்டிக்குக் காசுக்கணக்கில்தான் விழும்.

இதை மேலிருந்து உத்தரவாகப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை ஓர் உதாரணம். 2011இல் காய்கறிகளைப் பிளாஸ்டிக் பெட்டியில்தான் ஏற்ற வேண்டும் என்று அங்கே கட்டாயமாக்கப் போய், தம்புள்ளைச் சந்தையில் விவசாயிகளும் வியாபாரிகளும் கொதித்தெழுந்தார்கள். பெட்டி நல்லதுதான். யார் வாங்குவது, காலிப் பெட்டியை யார் திருப்பி அனுப்புவது, தொலைந்தால் யார் தலையில் என்பதற்கு விடை இல்லாமல் உத்தரவு மட்டும் வந்தால் எதிர்ப்பு வரத்தான் செய்யும். இங்கே பெட்டி ஏற்கனவே புழக்கத்தில் இருக்கிறது. டெபாசிட் முறையும் பல கடைகளில் உண்டு. கடைக்குக் கடை வெவ்வேறு அளவு, வெவ்வேறு நிறம், வெவ்வேறு கணக்கு என்பதை மட்டும் சங்கம் ஒழுங்குபடுத்தினால் போதும்.

இனி, ஆட்கள். "தூக்கிப் போடுறானுங்க, அக்கறையே இல்லை" என்று நீங்கள் அலுத்துக்கொள்வதை நூறு தடவை கேட்டிருக்கிறேன். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேசியது யார்? வேகத்தை விலை கொடுத்து வாங்கிவிட்டுப் பக்குவத்தை இனாமாக எதிர்பார்க்கிறோம். ராத்திரி இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில் மனித உடம்பு தானாகவே சோர்ந்துபோகும் நேரம். அந்த நேரத்தில்தான் ஈரத் தரையில், மங்கிய வெளிச்சத்தில், தலையில் 50 கிலோவோடு சுமை இறக்குகிறவர் லாரிப் பலகையில் ஏறி இறங்குகிறார். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே, ஆண் ஒருவர் வழக்கமாகச் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. சில கோஸ் மூட்டைகளைப் பார்த்தால் அந்த எண்ணை யாரும் கேள்விப்பட்டதே இல்லை போலிருக்கிறது. மனிதர் தாங்கமாட்டாத மூட்டையை மனிதர் மெதுவாக இறக்கவும் மாட்டார். தோளிலிருந்து நழுவவிடுவார், உள்ளே இருப்பது நொறுங்கும். ஆகவே, மூட்டையின் எடையைக் குறைப்பது தொழிலாளிக்குச் செய்கிற தர்மம் என்று நினைக்க வேண்டாம். சரக்குக்குச் செய்கிற பாதுகாப்பும் அதுதான்.

கூலியைக் குறைக்கச் சொல்லவில்லை, மாத சம்பளமாக மாற்றவும் சொல்லவில்லை. அதை அவர்களே விரும்பமாட்டார்கள். பெட்டிக்கூலி இருக்கட்டும். லோடு இறங்கி முடிந்ததும் உடைந்த பெட்டியையும் நசுங்கியதையும் இருவர் முன்னிலையில் எண்ணுங்கள். குறைவாக இருந்தால் அந்த அணிக்கு மேல்கூலி கொடுங்கள். அதிகமாக இருந்தால் பிடித்தம் வேண்டாம். பிடித்தம் என்று ஆரம்பித்தால் மறுநாளே நசுங்கிய காய் எண்ணுவதற்கு முன்பே காணாமல் போகும். நாலு சக்கரத் தள்ளுவண்டி கடைக்கு இரண்டு, வழுக்காத பலகை, நடைபாதையில் வெளிச்சம், ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் தேங்காத வடிகால். இவை எல்லாம் ஏற்கனவே பலமுறை பேசியவைதான், அதனால் நீட்டவில்லை. குடிதண்ணீரும் சுத்தமான கழிப்பறையும் கேட்டு ஒரு மனிதர் மனு எழுத வேண்டிய நிலை இருக்கும்வரை தரத்தைப் பற்றிச் சுவரில் வாசகம் எழுதி ஒட்டாதீர்கள். அதைப் படித்துவிட்டு அவர்கள் சிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சுமைப்பணியாளர்களுக்கு 1982ஆம் வருட உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் நலவாரியம் இருக்கிறது. பதிவும் புதுப்பித்தலும் தெரியாமல் விட்டுப்போனவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் கடை வாசலிலேயே விசாரித்துப் பாருங்கள். சங்க அலுவலகத்தில் வாரம் ஒரு நாள், படிவம் நிரப்பித் தர ஒரு பையனை உட்கார வைத்தால் போதும். கடைக்குள் நிற்கிற பில் எழுதும் பிள்ளைகளுக்கும் எடை போடுகிறவர்களுக்கும் ஸ்டூல் போடுங்கள். 2021இல் தமிழ்நாட்டுக் கடைகள் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையைக் கொடுத்தாயிற்று. பத்து மணி நேரம் நின்று எழுதுகிறவன் எட்டாவது மணியில் போடுகிற கூட்டல் எப்படி இருக்கும் என்று கணக்கு எழுதியவன் என்னைக் கேளுங்கள்.

மிச்சச் சரக்கு விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. நேற்று விற்காததை இன்றைய பெட்டியின் அடியில் போட்டு, மேலே புதுசைப் பரப்புவது எல்லாக் கடையிலும் நடப்பதாகச் சொல்லவில்லை. நடக்கிற கடைகள் எவை என்று சில்லறைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். நாணயம் ஒருபக்கம் இருக்கட்டும், வியாபாரக் கணக்கிலேயே அது நஷ்டம். கனிந்த தக்காளி எத்திலீன் என்ற வாயுவை விடுகிறது. பக்கத்தில் இருப்பதையும் கனியவைக்கிறது. ஒன்றில் பூஞ்சை இருந்தால் தொட்டது எல்லாம் போகும். நாலு கிலோ பழசை ஒளிக்கப் போய் இருபது கிலோ புதுசின் ஆயுசைக் குறைக்கிறோம். பழசைத் தனியாக வைத்து, "இது நேத்துது, பாதி விலை" என்று எழுதிப் போடுங்கள். மெஸ்காரர்களும் ஊறுகாய் போடுகிறவர்களும் காத்திருக்கிறார்கள். அன்றைக்கே சமைக்கிறவருக்கு நேற்றையது ஒரு குறையே இல்லை.

இதே எத்திலீனால் கேரட் கசக்கும். ஊட்டி கேரட்டை அங்கே இயந்திரத்தில் கழுவிப் பளபளவென்று அனுப்புகிறார்கள். இங்கே ஒரே குடோனில் பழுத்த வாழைத்தாருக்கும் தக்காளிக்கும் பக்கத்தில் இரண்டு நாள் வைத்துவிட்டு, கேரட் கசக்கிறது என்று வாடிக்கையாளர் திட்டினால் நீலகிரி மண்ணைக் குறை சொல்கிறோம். கீரையும் வெள்ளரியும் மஞ்சளாவதும் அதே கதைதான். குளிர்ப்பதன அறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கேரட் 0 டிகிரியை ஒட்டிய குளிரைத் தாங்கும், தக்காளி 10 டிகிரிக்குக் கீழே போனால் ருசி செத்து, வெளியே எடுத்ததும் கொழகொழக்கும். எல்லாவற்றையும் ஒரே அறையில் தள்ளிக் கதவைச் சாத்தினால் கரன்ட் பில்தான் மிச்சம்.

பழத்தைச் சீக்கிரம் பழுக்கவைக்கப் பழக்கடைக்காரர்கள் வைக்கும் கார்பைடு கல் விவகாரத்துக்குள் நான் போகவில்லை. அது தடை செய்யப்பட்டது என்பதும், எத்திலீன் வாயுவை வரம்புக்குள் பயன்படுத்தலாம் என்பதும் எல்லோருக்கும் தெரியும். சோதனை நடந்து பறிமுதல் செய்த மறுவாரம் அங்காடி முழுவதற்கும் வாடிக்கையாளர் குறைகிறார் என்பதை மட்டும் காய்கறிப் பக்கத்தில் இருப்பவர்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விவசாயிக்குப் போகிற சிட்டைக்கு வருகிறேன். அதில் எடை இருக்கும், விலை இருக்கும், கமிஷன், இறக்குக்கூலி, வாடகை எல்லாம் கழித்துக் கடைசித் தொகை இருக்கும். "கழிவு" என்ற வரியில் ஓர் எண் இருக்கும். அது ஏன் வந்தது என்று மட்டும் இருக்காது. அதிகம் பழுத்த பிறகு பறித்தாரா, மழையில் நனைந்த காயை உலர்த்தாமல் பெட்டியில் அடைத்தாரா, பெட்டியைக் கோபுரமாக நிரப்பினாரா, இல்லை நம் வரிசையில் லாரி மூன்று மணி நேரம் நின்றதா? ஊரில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? "மண்டிக்காரன் ஏமாத்திட்டான்" என்று அவர் முடிவுக்கு வருகிறார். அடுத்த லோடும் அதே மாதிரிதான் வரும். நீண்ட தூரம் வருகிற தக்காளியை நிறம் திரும்பும் பருவத்திலேயே பறிக்கச் சொல்லி ஒரு வரி எழுதினால், பெட்டியைத் திறந்ததும் ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால், அடுத்த வாரம் வித்தியாசம் தெரியும். அவரிடம் பிடித்த கழிவுக்குப் படம் சாட்சியாக இருக்கும். பொய்யாகப் பிடிக்கவும் முடியாது, நியாயமாகப் பிடித்த இடத்தில் உங்கள் மேல் சந்தேகமும் வராது. ஊரில் இருக்கும் விவசாயியின் போனில் நிற்கிற நம்பிக்கைதானே நமக்கு வருகிற லோடு?

பெரிய கம்பெனிகள் இதைத்தான் செய்கின்றன. விளைகிற ஊரிலேயே கொள்முதல் நிலையம் போட்டு, அளவு சொல்லி, நிறம் சொல்லி, வேண்டாததை அங்கேயே ஒதுக்கிவிட்டு முதல் ரகத்தை எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஒதுக்கியது எங்கே வருகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் என் பழைய வாடிக்கையாளர்கள் போனில் ஆர்டர் போடுகிறார்கள். விலை என்னைவிடக் கூடத்தான். "அதுல சொத்தை வராதுப்பா" என்கிறார் ஓர் அம்மா. என் முகத்துக்கு நேராகச் சொன்னார். சொத்தையை நான் விளைவிக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை. ஆனால் அவருக்குத் தெரிந்த கடைசி முகம் நான்தான்.

நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. ஒரு வரிசையில் இருக்கும் ஏழெட்டுத் தக்காளிக் கடைகள் ஒரே ஒரு மாதம், லோடு ஒன்றுக்கு ஒரு சீட்டு எழுதட்டும். லாரி வளாகத்துக்குள் வந்த நேரம், இறக்கத் தொடங்கிய நேரம், பெட்டி எண்ணிக்கை, திறக்கும்போதே நசுங்கிக் கிடந்தது, கடை சாத்தும்போது விலை போகாமல் நின்றது. ஐந்து கட்டம்தான். பில் எழுதுகிற பிள்ளைக்கு இரண்டு நிமிடம். கம்ப்யூட்டர் வேண்டாம், ஆலோசகர் வேண்டாம். மாதக் கடைசியில் சீட்டுகளைச் சங்க அலுவலக மேஜையில் பரப்பிவைத்து, லாரி நின்ற நேரத்தையும் நசுங்கிய பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த லோடில் அதிகம், எந்த மணிக்குப் பிறகு அதிகம் என்று அவையே சொல்லும். யார் மேல் தப்பு என்று கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்தினால் மட்டும் அடுத்த மாதச் சீட்டு பொய்யாக வரும். முதல் மாதம் யாரையும் திட்டுவதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தை பிறந்து வரத்து கூடி, விலை இறங்கியிருக்கும்போது இதைத் தொடங்குவது நல்லது. விலை ஏறிக் கிடக்கும்போது நசுங்கியதும் விற்றுவிடும், எதுவும் தெரியாது. விலை விழுந்த நாளில்தான் நல்ல பெட்டிக்கும் கெட்ட பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் பணமாகத் தெரியும்.

எங்கள் பக்கத்திலிருந்து நாங்கள் செய்யக் கூடியதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதிச் சில்லறைக்காரர்கள் சிலர் இதைப் பேசிவைத்திருக்கிறோம். விளிம்போடு நிரப்பிய பெட்டி, அடியில் பழசு கலக்காதது, வந்த நேரம் எழுதிய சீட்டு ஒட்டியது என்றால் பேரம் பேசாமல் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட வைத்து எடுத்துக்கொள்கிறோம். பெட்டியைத் தரையில் கொட்டிப் பார்க்கமாட்டோம். காலிப் பெட்டியை மறுநாளே கழுவித் திருப்பித் தருகிறோம், டெபாசிட்டும் கட்டுகிறோம். கடன் பாக்கியை இழுத்தடிக்கிறோம் என்று எங்கள் மேல் உங்களுக்கு இருக்கும் வருத்தம் நியாயம்தான். சீட்டு ஒட்டிய சரக்குக்கு ரொக்கம்.

எந்த வரிசை முதலில் ஒப்புக்கொள்கிறதோ அந்தக் கடைகளின் எண்களைச் சங்கப் பலகையில் எழுதிப் போடுங்கள். அங்கே வந்து வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
முன்பு கணக்கு எழுதியவன்,
இப்போது உங்கள் சில்லறை வாடிக்கையாளன்